டி.ஓ. படிப்பவர்கள் ஆர்த்தோ ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க

அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) படிக்கும் அண்ணன் மகள் விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கிறாள். ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சிக்கு, ஆர்த்தோதான் (எலும்பு அறுவை சிகிச்சை) வேண்டுமாம். நானும் டி.ஓ.தான், அவளுக்குச் சொன்னது இது.

டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸோடு நிற்காதே, எம்.டி. படிப்பவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுது. 2022 முதல் இரண்டிலும் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். அதனால் யு.எஸ்.எம்.எல்.இ.யின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கு எடை கூடிவிட்டது. செப்டம்பரில் விண்ணப்பிக்குமுன் அது கையில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் வெளி ரொட்டேஷன், அதாவது வேறு மருத்துவமனைக்குப் போய்ச் சில வாரம் வேலை பழகுவது. டி.ஓ.க்களை ஏற்கெனவே எடுத்த இடங்களாகத் தேடு. அவர்கள் இணையதளத்தில் ரெசிடென்ட் பட்டியல் இருக்கும், பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் பார். அங்கே விடியுமுன் வார்டுக்குப் போ. உன் வேலையை நேரில் பார்த்த சர்ஜனிடமே பரிந்துரைக் கடிதம் கேள். விண்ணப்பத்தில் 'உங்கள் இடத்தில் எனக்குத் தனி விருப்பம்' என்று காட்டும் சிக்னலும் அங்கேயே அனுப்பு.

அப்புறம், வீடியோ நேர்காணல் மாதங்களில் ஊருக்கு வராதே. இங்கே அப்போது வடகிழக்குப் பருவமழை. மரம் விழுந்தால் கரண்ட் போய்விடும்.