தடைக்காலத்தில் சீலம் எடுப்பது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். பஞ்சசீலம், அதாவது புத்தர் வழியில் வீட்டில் இருப்பவர்கள் தாங்களாக ஏற்கும் ஐந்து ஒழுக்க விதி, எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருக்கும் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்தொழிலாளிக்கு வருடத்தில் இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. புத்தர் பிறந்ததையும் ஞானம் பெற்றதையும் மறைந்ததையும் சேர்த்துக் கொண்டாடும் வெசாக் பௌர்ணமியும் இந்த நாட்களுக்குள்தான் வருகிறது. நான் விசைப்படகில் போகிறவன், இப்போதும் போகிறேன், அதனால் முதலில் கஷ்டமான விஷயத்தையே பேசிவிடுகிறேன்.

முதல் சீலம் உயிரைக் கொல்லாமல் இருப்பது. மீன் பிடிக்கிறவன் இதை எப்படி எடுப்பான்? "நாமளா கொல்றோம், வலைக்குள்ள வந்து அதுவா சாவுது" என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. அது செல்லாது. கொலை எப்போது கொலையாகிறது என்பதற்குப் பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த உரைகள் ஐந்து அங்கம் சொல்கின்றன: உயிர் ஒன்று இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் உயிர் போக வேண்டும். வலையின் மடியை அவிழ்த்ததும் படகுப் பலகை முழுக்கக் கொட்டுமே, இறாலையும் நண்டையும் பொறுக்கியபின் மிஞ்சுகிற சங்காயத்தில் விரல் நீளம்கூட இல்லாத காரல் குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடும், அதைக் காலால் ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். ஐந்து அங்கமும் அங்கேயே இருக்கிறது. தொழிலுக்குத் தோதாகச் சீலத்தை வளைக்காதீர்கள்.

அதற்காக, முதலாவது முடியாது என்று மீதி நான்கையும் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தப்பு. இதற்கு வழி பழைய உரைகளிலேயே இருக்கிறது. ஐந்தையும் ஒரே கட்டாக எடுத்தால் ஒன்று முறியும்போது எல்லாம் முறியும், தனித்தனியாக எடுத்தால் முறிந்தது மட்டும்தான் போகும். ஆகவே தனித்தனியாக எடுங்கள். முதல் சீலத்துக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள், அதாவது தடைக்காலம் முடியும்வரை, அப்புறம் தொழிலுக்குப் போகாத நாட்களில். மற்ற நான்குக்கும் நாள் கணக்கு வேண்டாம்.

எடுக்கும் முறை எளிது. பக்கத்தில் பிக்கு யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தனியாகவே எடுக்கலாம். விடியக் குளித்துவிட்டு உட்கார்ந்து, "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மாசம்புத்தஸ்ஸ" (புத்தருக்கு வணக்கம்) என்று மூன்று முறை, பிறகு புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைவதை மூன்று முறை, அப்புறம் ஒவ்வொரு சீலமாக. முதலாவது "பாணாதிபாதா வேரமணீ சிக்காபதம் சமாதியாமி". பாணாதிபாதா என்றால் உயிரைக் கொல்வதிலிருந்து, வேரமணீ என்றால் விலகி நிற்பது, சிக்காபதம் என்றால் பயிற்சிக்கான விதி, சமாதியாமி என்றால் நானாக ஏற்கிறேன். யாரும் உங்களுக்குக் கட்டளை போடவில்லை. பாலி வாயில் நுழையவில்லையா, அர்த்தத்தைத் தமிழில் சொல்லுங்கள், என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்வதுதான் முக்கியம்.

இரண்டாவது, கொடுக்காததை எடுக்காமல் இருப்பது. அடுத்தவர் வலையில் கிடக்கும் நண்டைத் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வல்லக்காரர், அதாவது நாட்டுப்படகுக்காரர், போட்ட வலை என்று தெரிந்தும் அதன் மேலேயே நம் வலையை இழுத்துக்கொண்டு போவதையும் நான் இதில்தான் சேர்ப்பேன், ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு அதில் போகிறது. கடல் அட்டையை விட்டுவிடுங்கள், அது 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். மூன்றாவது தவறான உறவைத் தவிர்ப்பது, விளக்கம் தேவையில்லை. நான்காவது பொய். சொல்லில் தோன்றும் தீமை நான்கு என்று மணிமேகலை கணக்கு வைக்கிறது: பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனற்ற பேச்சு. தடைக்காலத்தில் படகு நிழலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற நமக்குக் கடைசி இரண்டும்தான் சோதனை.

ஐந்தாவது போதை. இதைத்தான் நிறையப் பேர் முதலில் முறிப்பார்கள், ஏனென்றால் வேலை இல்லாத மத்தியானம் ரொம்ப நீளம். கள்ளும் கணக்கில் வரும், பதநீர் வராது. "ஒரு கிளாஸ்தானே மாப்ள" என்று கூப்பிடுகிறவனிடம் நாளைக்கு வருகிறேன் என்று சமாளிக்காதீர்கள், அங்கே நான்காவதும் சேர்ந்து போய்விடும். "குடிக்கறதில்ல மச்சான்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மீன் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். உனக்கென்று கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிக்குவே சாப்பிடலாம் என்பதுதான் பழைய பௌத்தப் பிரிவான தேரவாதத்தின் விதி. மீனையும் இறைச்சியையும் அடியோடு தடுக்கச் சொல்லி, புத்தரோடு முரண்பட்ட பிக்கு தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார்.

பௌர்ணமிக்கு ஒரு நாள், இந்த ஐந்தோடு இன்னும் மூன்று சேர்த்து எட்டு சீலம் எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு முழு பிரம்மச்சரியம், உச்சிக்குப் பிறகு சாப்பாடு இல்லை, பாட்டு, ஆட்டம், பூ, வாசனை இல்லை, உயர்ந்த படுக்கையும் இல்லை. வைகாசியில் நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 12 மணி 10 நிமிடம் ஆகும், நீங்கள் 12 மணிக்கே தட்டைக் கழுவிவிடுங்கள். சாயங்காலம் பசித்தால் பால் சேர்க்காத தேநீர் குடிப்பது பல விகாரைகளில் வழக்கம், நான் கருப்பட்டி போட்ட வரக்காப்பி குடிக்கிறேன். மறுநாள் விடிவதோடு முடியும். விடிந்ததா என்று எப்படித் தெரியும்? கையை நீட்டி உள்ளங்கை ரேகை தெரிகிறதா என்று பார்ப்பது பிக்குகளின் பழைய வழக்கம். கடலைப் பார்த்து நின்றுகொண்டு இதைச் செய்து பாருங்கள், முதலில் கை வெறும் நிழலாகத்தான் இருக்கும், அப்புறம் வலை அறுத்த தழும்பு தெரியும், ரேகை கடைசியில்தான் வரும்.

இதற்கு மேலே போய்த் துறவே எடுக்க நினைக்கும் தம்பிகளுக்கு: சாமணேரருக்கு, அதாவது பயிற்சித் துறவிக்கு, பத்து சீலம், பத்தாவது பொன்னையும் பணத்தையும் கையால் வாங்காமல் இருப்பது. முழு பிக்குவுக்குத் தேரவாதத்தில் 227 விதி, பிக்குணிக்கு 311. உடலுறவு, திருட்டு, மனிதக் கொலை, அடையாத ஞானத்தை அடைந்ததாகப் பொய் சொல்வது, இந்த நான்கில் எதைச் செய்தாலும் பிக்கு நிலை அத்தோடு போயிற்று. 20 வயது நிறைந்ததா, தாய் தந்தை சம்மதித்தார்களா, கடன் இல்லாதவனா என்று சபையில் கேட்பார்கள். படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கும்போது அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். இந்த விதிகளைப் பாடமாகச் சுருக்கி எழுதிய புத்ததத்தர் சோழநாட்டில் காவிரிக்கரையில் இருந்தவர், நமக்குத் தூரத்து விஷயமில்லை இது.

சீலம் முறிந்தால்? வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடையாது. முறிந்தது என்று ஒத்துக்கொண்டு அந்த ஒன்றை மறுபடி வாய்விட்டுச் சொல்லி எடுங்கள், அன்றைக்கே எடுங்கள், திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.

ஜூன் 14 வந்ததும் ஐஸ் ஏற்றுவார்கள், டீசல் ஏற்றுவார்கள். நாள் குறித்து எடுத்த முதல் சீலம் அந்த நாளோடு தானே முடிந்துவிடும், அதை மறைக்க வேண்டாம், வீட்டில் கேட்டால் முடிந்துவிட்டது என்றே சொல்லுங்கள். மற்ற நான்கையும் படகிலேயே வைத்துக்கொள்ளலாம். கரை திரும்பியதும் படகைக் கழுவி, குளித்துவிட்டு, அடுத்து தொழிலுக்குப் போகும்வரை என்று சொல்லி முதலாவதை மறுபடி எடுங்கள்.