மேசை இணையத் தொலைபேசி: பொருத்தும்போதே செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலைகள்

இணைய இணைப்பு வழியே பேசும் மேசைத் தொலைபேசி, உருவத்தில் பழைய தொலைபேசிதான். உள்ளே இருப்பதோ ஒரு சிறு கணினி. பொருத்துபவர் மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச வேலைகள் நம்முடையவை.

1. வயரும் ப்ளக்கும்

பின்புறம் ஒரே மாதிரி இரண்டு துவாரங்கள் இருக்கும். ரவுட்டரிலிருந்து வரும் வயர் ‘லேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்றிருப்பதில் போக வேண்டும். ‘பிசி’ என்றிருப்பது கணினிக்கு. வரவேற்பறையில் வைக்கும் தொலைபேசி என்றால் இந்தத் துவாரத்தை முடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காத்திருக்கும் எவரும் தமது மடிக்கணினியைச் செருகி அலுவலக வலையமைப்புக்குள் வந்துவிடலாம்.

இரண்டு முள் ப்ளக்கை 13 அம்பியர் சொக்கற்றில் நுழைக்க, மேல் துவாரத்தில் பேனாவைக் குத்தும் வித்தை நம்மில் பலருக்குக் கைவந்தது. எர்த்துக்குரிய அந்தத் துவாரத்தில் எதையாவது நுழைத்தால் கீழே 230 வோல்ட் இருக்கும் துவாரங்களின் மூடி விலகும். கண்டதும் உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்த மூடியையே வைத்திருக்கிறார்கள். கொழும்பு புறக்கோட்டையில் பொருத்தமான ப்ளக் தாராளமாகக் கிடைக்கும்போது பேனா எதற்கு?

2. மின்வெட்டு

செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. விளக்கு அணைந்தாலும் பேசலாம். இணையத் தொலைபேசி அப்படியல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டதையும் கொழும்பில் யாரும் மறந்திருக்க முடியாது.

தொலைபேசியை மட்டும் யூபிஎஸ்ஸில் (மின்சாரம் நின்றால் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி) மாட்டிப் பயனில்லை. ஃபைபர் இணைய இணைப்புப் பெட்டி, ரவுட்டர், நடுவில் வலையமைப்பு வயர்களைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதுவும், எல்லாமே அதில் இருக்க வேண்டும். பிரிண்டரை மாட்டாதீர்கள், பற்றரியைக் குடித்துவிடும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

3. கடவுச்சொல்லும் வெளிநாட்டு அழைப்பும்

ஒட்டுக்கேட்பார்களோ என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். சிறு அலுவலகத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து மாதக் கட்டணச் சீட்டில் இருக்கிறது. அலுவலகத்துக்குள் உங்கள் தொலைபேசியின் உள்ளக இலக்கம் 101, அதன் கடவுச்சொல்லும் 101 என்றால், இணையத்தைத் துழாவிக்கொண்டிருக்கும் தானியங்கி மென்பொருள் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது. பிறகு போயா விடுமுறையும் சனி, ஞாயிறும் சேர்ந்து வரும் இரவுகளில், அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு இலக்கங்களுக்கு உங்கள் கணக்கிலிருந்து அழைப்புகள் பறக்கும்.

தொலைபேசி மெனுவில் ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் அதன் ஐபி முகவரி இருக்கும். அதைக் கணினியின் பிரவுசரில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் ‘அட்மின்’ என்றே இருந்தால் உடனே மாற்றுங்கள். குரலஞ்சலின் 0000, 1234 போன்ற இரகசிய இலக்கங்களையும் இப்படியே மாற்றுங்கள். அதே பக்கத்தில் ஃபர்ம்வேரையும் (தொலைபேசியை இயக்கும் உள் மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். ரவுட்டரில், இணையத் தொலைபேசிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 என்ற போர்ட்டை (இணைப்பு வாசலை) வெளியுலகுக்குத் திறந்துவிடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், காரணம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் 00 இல் தொடங்கும் அழைப்புகளைத் தடுக்குமாறு சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தேவை என்றால் நாளாந்த உச்சவரம்பு கேளுங்கள். கடவுச்சொல் கசிந்தாலும் நட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும்.

4. அவசர இலக்கங்கள்

பொலிஸ் 119, தீயணைப்பு 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. வெளி அழைப்புக்கு முதலில் 9 அழுத்தும் அலுவலகங்களில், பதற்றத்தில் அந்த 9 மறந்துபோகும். அதை அழுத்தாமலும் இவை இயங்குமாறு அமைக்கச் சொல்லுங்கள். பரீட்சித்துப் பார்க்க அம்புலன்ஸை அழைக்க வேண்டாம். சேவை நிறுவனமே உறுதிப்படுத்தித் தரட்டும்.

இந்தத் தொலைபேசியை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அதே 011 இலக்கத்தில் பேசும். இலக்கத்தை வைத்து இடத்தை நம்ப முடியாது. ஆகவே முகவரியை ஒரு ஸ்டிக்கரில் எழுதித் தொலைபேசியிலேயே ஒட்டுங்கள், மாடியும் ‘கொழும்பு 3’ போன்ற வலய இலக்கமும் சேர்த்து. காலி வீதி கொழும்பு 3, 4, 6 மூன்றிலும் ஓடுகிறது. ‘காலி வீதி’ என்று மட்டும் சொன்னால் அம்புலன்ஸ் சாரதி எங்கே வந்து தேடுவார்?

5. மறையாக்கம்

நடுவில் யாரும் புரிந்துகொள்ள முடியாதபடி அழைப்பை மறைப்பதே மறையாக்கம். சேவை நிறுவனம் அனுமதித்தால், அமைப்புப் பக்கத்தில் டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி என்ற மறையாக்க முறைகள் இரண்டையும் இயக்குங்கள். முதலாவது யார் யாரை அழைக்கிறார் போன்ற அழைப்புத் தகவலையும் மற்றது குரலையும் காக்கும்.

6. பழைய தொலைபேசி

விற்கும் முன்னும், பாவித்தது ஒன்றை வாங்கியவுடனும் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கின் கடவுச்சொல், அழைப்புப் பட்டியல், பெயர்ப் பட்டியல் எல்லாம் உள்ளேயே கிடக்கும்.