நார்த்தூள் பைத் தக்காளியின் வேரில் மைக்கோரைசாவைக் குடியேற்றுதல்

எண்ணெய் தரும் செம்பனைக்கு நடுவே வாழும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தினருக்குப் பூஞ்சை என்றதும் மரத்தின் அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மாதான் நினைவுக்கு வரும். ஆனால் அதே செம்பனை நாற்றுகளுக்கென விற்கப்படும் மைக்கோரைசா, வேருக்குள் குடியிருந்து பாஸ்பரஸ் சத்தைத் திரட்டிக் கொடுத்து, கூலியாகச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும் நல்ல பூஞ்சை. தக்காளி வேரிலும் அது நன்றாகவே தங்கும். பாக்டீரியா வாடல் நோய்க்கு அஞ்சி மண்ணை விட்டுத் தேங்காய் நார்த்தூள் பைகளுக்கு மாறிய நாம், நோயோடு சேர்த்து இந்தப் பூஞ்சையையும் மண்ணிலேயே விட்டு வந்துவிட்டோம்.

உயிருள்ள வேர் இல்லாமல் இது வளராது. ஆகவே நட்ட பிறகு பையின் மேல் தூவுவது வீண்செலவு. நார்த்தூளை உப்புப் போக அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மீண்டும் அலசிய பின், பொட்டலத்தில் குறித்த அளவு மைக்கோரைசாவைக் குழித்தட்டுக் கலவையிலேயே கலந்து விதைக்க வேண்டும். நாற்றைப் பைக்கு மாற்றும்போது, வேர் தொடும் இடத்தில் இன்னொரு சிட்டிகை இடலாம். கார்பெண்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியை ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலோர் தோற்பது உரத்தொட்டியில்தான். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைக்கும் செடி, பூஞ்சையை அழைக்க வேர் சுரக்கும் பொருளைக் குறைத்துக்கொள்கிறது. வீட்டில் சோறு நிறைந்திருக்கையில் யார் கடைக்குப் போவார்கள்? வழக்கமான தக்காளிக் கரைசலில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கும். முதல் ஆறு வாரங்களுக்காவது அதைப் பாதியாக்குவது நல்லது என்பது என் கருத்து. கடையில் ஏ, பி என இரு பகுதிகளாக வாங்கும் உரத்தில், பாஸ்பரஸ் உள்ள பி-யைக் குறைத்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்தே குறைந்துவிடும் என்பதால், உர உப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கலக்க வேண்டியிருக்கும். பாஸ்பரஸ் முழுவதும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், 1000 லிட்டர் பாசன நீருக்கு 220 கிராம் என்பதை 110 கிராமாக்கி, அதனால் இழக்கும் பொட்டாசியத்துக்கு ஈடாக 70 கிராம் பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்க்கலாம். அதை பி தொட்டியில்தான் போட வேண்டும். ஏ தொட்டியின் கால்சியத்தோடு சேர்ந்தால் ஜிப்சமாகப் படிந்து சொட்டுக்குழாயை அடைத்துவிடும். இலையின் அடிப்புறம் ஊதா நிறமானால் பாஸ்பரசைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள்.

இவ்வளவு கணக்குப் பார்க்க விருப்பமில்லாதவர்களுக்கு டிரைக்கோடெர்மா என்னும் இன்னொரு நல்ல பூஞ்சை எளிது. அது பாஸ்பரசைப் பொருட்படுத்தாது. வேரழுகல் பூஞ்சைகளோடு போட்டியிடுவதே அதன் முதன்மையான வேலை.

சத்து நீரில் கரைந்து வேரின் வாசலுக்கே வந்துவிடும் இம்முறையில் விளைச்சல் கூடும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். ஆகவே ஒரு வரிசைக்குப் பூஞ்சை இடாமல், மற்றவற்றுக்குத் தரும் அதே கரைசலைத் தந்து ஒப்பிடுங்கள். ஆறாவது வாரத்தில் சில மெல்லிய வேர்களை எடுத்து, கையுறை அணிந்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நிறம் வெளுக்கும்வரை சூடாக்கி அலசிய பின், 5 விழுக்காடு பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். குடியேறியிருந்தால் வேருக்குள் நீல இழைகளும் சிறு பைகளும் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு பொட்டலம் வாங்குவதற்கு முன் பி தொட்டியின் கணக்கைச் சரிபாருங்கள்.