டேட்டாபேஸ் வேகத்துக்கு டிஸ்க்கை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டது என்றதும் புது எஸ்எஸ்டி வாங்க ஓடுவதுதான் முதல் தவறு. லினக்ஸில் டிஸ்க்குக்கும் சிபியுவுக்கும் எவ்வளவு வேலை என்று காட்டும் ஐயோஸ்டாட் கருவியை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் சும்மா இருக்க, சிபியு மட்டும் திணறினால், பெரும்பாலும் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாத ஏதோ ஒரு குவெரிதான் காரணம். அதற்கு எந்த டிஸ்க்கும் மருந்தாகாது.

சரி, டிஸ்க்தான் தடை என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் பெட்டியின் மேல் அச்சிட்ட, நொடிக்கு இத்தனை எம்பி என்ற கணக்கை நம்பி வாங்காதீர்கள். அது பெரிய ஃபைல் ஒன்றை ஒரே ஓட்டமாகப் படிக்கும் வேகம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 8 கேபி பக்கங்களாகவும் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி 16 கேபி பக்கங்களாகவும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் படிக்கும். அதோடு, கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தை உறுதியாக்கும்போது, மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் நிஜமாகவே டிஸ்க்கில் பதிந்ததா என்று எஃப்சிங்க் என்ற சிஸ்டம் அழைப்பு மூலம் உறுதி கேட்கும். சாதாரண எஸ்எஸ்டிகள் சறுக்குவது இங்கேதான். மின்தடைப் பாதுகாப்புள்ள சர்வர் ரக எஸ்எஸ்டியில் கெபாசிட்டர் இருக்கும். மின்சாரம் போனாலும் தற்காலிக நினைவான கேஷில் உள்ளதை எழுதி முடித்துவிடலாம். அந்தத் தைரியத்தில் உடனே பதில் சொல்லிவிடும். கெபாசிட்டர் இல்லாதது ஃப்ளாஷில் எழுதி முடியும்வரை காக்க வைக்கும், அல்லது எழுதாமலே எழுதியதாகச் சொல்லும். இரண்டாவது ரகத்தைவிட மெதுவான டிஸ்க்கே மேல். வாங்கும் முன், டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியில் எஃப்சிங்க்கோடு சிறு சிறு அளவில் எழுதிப் பார்ப்பது நல்லது.

அடிக்கடி எழுத வேண்டிய டேட்டாபேஸை, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில் ஒன்றான ரெய்டு 5-இல் வைப்பதும் வேண்டாம். ஒரு சிறு மாற்றத்துக்கு 2 முறை படித்து 2 முறை எழுத வேண்டிவரும். ரெய்டு 10-இல் 2 முறை எழுதுவதோடு முடிந்தது.

வேகத்துக்காக போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க்கையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. மின்சாரம் போனால் டேட்டாபேஸே சிதைந்துபோகலாம். கடைசி நொடிப் பதிவுகள் போனால் பரவாயில்லை என்றால், லாக் டிஸ்க்கில் பதியும்வரை கமிட்டைக் காக்க வைக்கும் சிங்க்ரனஸ் கமிட் செட்டிங்கை மட்டும் அணைக்கலாம். அதில் சிதைவு வராது.

அப்புறம், டிஸ்க்கை மாற்றிவிட்டு செட்டிங்கைப் பழையபடியே விட்டுவைப்பது. அங்கொன்று இங்கொன்றாகப் பக்கம் படிக்கும் செலவைக் குறிக்கும் போஸ்ட்கிரெஸின் ரேண்டம் பேஜ் காஸ்ட் இயல்பாக 4. எஸ்எஸ்டிக்குப் பலரும் 1.1 வைக்கிறார்கள். இல்லையென்றால், இண்டெக்ஸ் இருந்தும், குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானர் முழு டேபிளையும் படிக்கப் போகலாம். டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான ஷேர்டு பஃபர்ஸ் இயல்பாக வெறும் 128 எம்பி. டேட்டாபேஸுக்கென்றே உள்ள சர்வரில் ரேமில் கால் பங்கிலிருந்து தொடங்கலாம். இதே வேலையைச் செய்யும் இன்னோடிபியின் பஃபர் பூலும் இயல்பாக அதே 128 எம்பிதான். ஆனால் தனி சர்வர் என்றால் அதற்கு ரேமில் பாதிக்கு மேலேயே கொடுக்கலாம்.