பழைய லூகர் வாங்கும் முன் எண்களைப் பாருங்கள்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் மவுசர் நிறுவனம் செய்த ஜெர்மன் லூகர் பிஸ்டல் விலைக்கு வந்தால் பளபளப்பில் மயங்காதீர்கள். மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றி, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று உறுதிசெய்துவிட்டு எண்களைப் பாருங்கள், தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் டிரிகர், சேஃப்டி லீவர் மாதிரி சின்ன பாகங்களிலும் குத்தியிருக்கும், ஒன்று மாறியிருந்தாலே மதிப்பு நன்றாகக் குறையும். சேம்பர் மேல் 'கே' (K) என்ற எழுத்து இருந்தால் 1934-இல் செய்தது, 'ஜி' (G) என்றால் 1935. அந்த வருடங்களில் டிரிகர் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். கருநீலமாக இருந்தால், முத்திரை எழுத்துகளின் ஓரமும் மழுங்கியிருந்தால், யாரோ பாலிஷ் போட்டு மறுபடி புளூயிங் (இரும்புக்குக் கருநீலப் பூச்சு ஏற்றுவது) செய்திருக்கிறார்கள். தேய்ந்து போன அசல் பூச்சுக்குத்தான் என் ஓட்டு, அதைப் புதுப்பிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.