நாய் கடித்தால்: ஊசித் தேதிகளும் உடம்புக்குள் நடப்பதும்

நாய் கடித்தவுடன் போக வேண்டிய முதல் இடம் குழாயடி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, பல் பட்ட குழிக்குள்ளும் தண்ணீர் இறங்கும்படி முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போடக் கூடாது.

அன்றைக்கே ஊசி. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ, மேலூர், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகளிலோ கேளுங்கள். அழகர்கோவில் மலைக் குரங்கு கடித்தாலும் இதேதான்.

தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரண்டு மேல்கைகளிலும் 0.1 மி.லி. வீதம். தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. புட்டத்தில் போடச் சம்மதிக்காதீர்கள். அங்கே கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது.

ஏன் இத்தனை தவணை? ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். உடம்பின் காவல் செல்களான டென்ட்ரிடிக் செல்கள் அதைப் பிடித்து அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகும். அங்கே எக்கச்சக்கமான பி செல்கள், அதாவது ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் தெரியும். ரேபிஸ் வைரஸின் மேற்புறத்தில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தோடு பொருந்துபவை வெகு சில. உதவி டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணு ஒப்புதல் கொடுத்த பிறகு அவை பெருகி, ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாகி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியை, அதாவது வைரஸைப் பிடித்து மடக்கும் புரதத்தை, கொட்டும். அது முள்ளில் ஒட்டிக்கொண்டால் வைரஸால் நரம்புக்குள் நுழைய முடியாது. ஆனால் போதுமான அளவு சேர 7 முதல் 14 நாள் ஆகும். வைரஸ் அதுவரை காத்திருக்காது.

அந்த இடைவெளிக்குத்தான் சீரம், அதாவது வெளியே தயாரித்த ஆன்டிபாடி. ரத்தம் வந்த கடி, புண்ணில் நக்கியது, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது என்றால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் 20. 60 கிலோ ஆளுக்கு 2,400 அல்லது 1,200. காயத்துக்குள்ளும் சுற்றிலும் குத்துவார்கள், வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அளவைக் கூட்டினால் உடம்பு சொந்தமாகத் தயாரிப்பது மந்தமாகும். முதல் ஊசியிலிருந்து 7 நாள் தாண்டினால் சீரம் தேவையில்லை. தையல் தவிர்க்க முடியாவிட்டால் சீரத்துக்குப் பிறகே.

பலர் கோட்டை விடுவது மூன்றாவது ஊசிக்குப் பின். புண் ஆறிவிட்டது என்று நின்றுவிடுவார்கள். புண் ஆறுவதற்கும் ஆன்டிபாடிக்கும் சம்பந்தமே இல்லை. தேதி தவறினால் முதலிலிருந்து வேண்டாம், உடனே போய் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

பெருகிய பி செல்களில் சில நினைவு செல்களாகத் தங்கிவிடும். அதனால் முழுத் தவணையும் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என இரண்டே நாள் ஊசி, சீரம் வேண்டாம். அதற்கு அத்தாட்சி ஊசிச் சீட்டுதான். அது இல்லையென்றால் பெரும்பாலும் முழுத் தவணையையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.