நெட் துப்பட்டாவுக்குள் பழைய திரை தெரியாமல் பேக்கிரவுண்டு மாற்றுவது எப்படி?

மண்டபத்து நீலத் திரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு, ஆல்பத்தில் பின்னால் ஒகேனக்கல் அருவி வேண்டும் என்பார்கள். தர்மபுரிப் பக்கம் ஆல்பம் டிசைன் செய்பவர்களுக்கு இது பழகிய கோரிக்கைதான். பட்டுப்புடவை என்றால் பென் டூலில் (ஓரத்தைக் கோடாக வரைந்து தேர்ந்தெடுக்கும் கருவி) வெட்டி வைத்துவிடலாம். வெள்ளை நெட் துப்பட்டா என்றால்தான் வம்பு. வலைக் கண் ஒவ்வொன்றிலும் நீலம் உட்கார்ந்திருக்கும். வெட்டி அருவி மேல் வைத்தால் நீலமும் கூடவே வரும்.

ஒரே தட்டில் பின்னணி நீக்கும் ஆப்களை இதற்கு நம்ப வேண்டாம். பெரும்பாலும் நெட்டை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் நீலத்தோடு விட்டுவைக்கும். போட்டோஷாப்பில் செய்வோம்.

1. கன்ட்ரோல்+ஜே கொடுத்து நகல் எடுங்கள். அதில் முகம், கை, புடவையை மட்டும் பென் டூலில் வெட்டி, அரை பிக்சல் ஃபெதரோடு (ஓரத்தை மென்மையாக்குவது) மாஸ்க் (வெள்ளை இடத்தைக் காட்டி, கருப்பு இடத்தை மறைப்பது) போடுங்கள். இதுதான் உடல் லேயர். முகத்தின் மேல் விழும் நெட்டைப் பிரிக்காதீர்கள். அதற்குப் பின்னால் எதுவும் மாறப்போவதில்லை. தனியாகத் தொங்கும் நெட்தான் நம் வேலை.

2. சேனல்ஸ் பேனலில் ரெட் சேனலை (படத்தின் சிவப்பு அளவை மட்டும் கருப்பு-வெள்ளையாகக் காட்டுவது) நகல் எடுங்கள். நீலத் திரை, பச்சைத் திரை இரண்டுமே அதில்தான் இருட்டாகத் தெரியும்.

3. அந்த நகலில் கன்ட்ரோல்+எல், லெவல்ஸ். திரை சுத்தக் கருப்பாகும் வரை கருப்பு முக்கோணத்தை நகர்த்துங்கள். வெள்ளை முக்கோணத்தில்தான் பலரும் சறுக்குவது. துணி மூன்று நான்கு மடிப்பாக விழும் இடம் வெள்ளையானதும் நிறுத்திவிட வேண்டும். ஒற்றை நெட் சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும். அந்தச் சாம்பல்தான் ஊடுருவித் தெரியும் தன்மை. அதையும் வெள்ளையாக்கினால் துப்பட்டா வேட்டி மாதிரி தடித்துவிடும். சீரியல் லைட், பூ அலங்காரம் ஏதாவது வெள்ளையாகத் தெரிந்தால் கருப்பு பிரஷ்ஷால் அழித்துவிடுங்கள்.

4. கன்ட்ரோலை அழுத்தியபடி அந்தச் சேனலின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். வெள்ளை முழுதாகவும் சாம்பல் பாதியாகவும் தேர்வாகும். ஐம்பது சதவீதத்துக்கு மேல் எந்தப் பிக்சலும் தேர்வாகவில்லை என்று எச்சரிக்கை வரலாம். நெட்டின் மேல் ஓடும் புள்ளிக்கோடும் தெரியாமல் போகலாம். தேர்வு இருக்கிறது, கோடு மட்டும்தான் தெரியவில்லை. ஓகே கொடுத்துவிட்டு, சேனல்ஸ் பேனலில் ஆர்ஜிபிக்கு (முழு வண்ணப் படத்துக்கு) திரும்புங்கள்.

5. உடல் லேயருக்குக் கீழே சாலிட் கலர் லேயர் (ஒரே நிறம் நிரப்பியது) போடுங்கள். தேர்வு தானே மாஸ்க் ஆகிவிடும். நிறத்தைத் துப்பட்டாவின் தடித்த மடிப்பிலிருந்து ஐட்ராப்பரால் எடுங்கள். சுத்த வெள்ளை வைத்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். போட்டோவின் பழைய பிக்சலை நெட்டுக்குப் பயன்படுத்தாததால் நீலம் வர வழியே இல்லை. ஜரிகை, கல் வேலையை உடல் மாஸ்க்கில் வெள்ளை பிரஷ்ஷால் மீட்டுக்கொள்ளலாம்.

6. அசல் லேயரை அணைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே அருவிப் படத்தை வையுங்கள்; லேசாக காஸியன் பிளர் (மங்கலாக்கல்) கொடுங்கள்.

பிறகு சேர்த்தது: வெளிர்சுவருக்கு முன் கருப்பு நெட் என்றால், 3-வது படிக்கு முன் சேனலைக் கன்ட்ரோல்+ஐ கொடுத்துத் திருப்பிக்கொள்ளுங்கள். கிம்ப் (இலவசப் பட எடிட்டர்) வைத்திருப்பவர்கள் ‘கலர் டு ஆல்ஃபா’வில் (ஒரு நிறத்தை ஊடுருவும்படி மாற்றும் வசதி) திரையின் நீலத்தைத் தேர்ந்தால் 2 முதல் 5 வரை ஒரே அடியில் முடியும், ஆனால் திரை ஒரே சீரான நிறமாக இருக்க வேண்டும்.

“எல்லாம் செய்தும் துப்பட்டாவே காணோம்” என்று கேட்டவர்களுக்கு: வெள்ளைத் தண்ணீருக்கு முன்னால் வெள்ளை நெட் எப்படித் தெரியும்? படத்தை நகர்த்தி, நெட்டுக்குப் பின்னால் கரும்பாறையோ மரமோ வரும்படி வையுங்கள்.